பேஸ்பாலில் ஊக்கமருந்து: தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் அதிக ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தவர் பாரி பாண்ட்ஸ். ஆனாலும் அந்த விளையாட்டின் மிக உயர்ந்த கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடமில்லை. ஊக்கமருந்துதான் காரணம் என்றால், அத்தனை ஆண்டுகள் அதை ஏன் யாரும் பிடிக்கவில்லை? எல்லா வீரர்களும் எடுத்தார்களா? இப்போது ஒழிந்துவிட்டதா? இவைதான் கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது: சோதனையே நடக்கவில்லை. ஒலிம்பிக்கில் 1976 மான்ட்ரியல் போட்டியிலேயே தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டுக்குச் சோதனை வந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். 1980களின் இறுதியில் தொடங்கிவிட்டது. மேஜர் லீக் பேஸ்பாலில் பெயருக்காவது ஒரு தண்டனையுடன் கூடிய சோதனை வந்தது 2004இல்தான். அதிலும் முதல் முறை சிக்கினால் சிகிச்சை மட்டுமே. ஒரு ஆட்டம்கூட இழக்க வேண்டியதில்லை, பெயரும் வெளியே வராது. வீரர்களின் பேராசையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்தத் தாமதம் புரியாது. உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே நடந்த தொழில் தகராறைப் பார்த்தால் புரியும்.

ஸ்டீராய்டுக்கு முன்பே இந்த விளையாட்டில் மருந்து இருந்தது. 1889இல் பட் கால்வின் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்), விலங்குகளின் விரைகளிலிருந்து எடுத்த ‘பிரவுன்-செக்கார்’ சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு ஆடினார். செய்தித்தாள்கள் அதைக் கண்டிக்கவில்லை, வியந்து எழுதின. அவர் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவை ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள். உடைமாற்றும் அறைகளில் அவற்றை ‘கிரீனிஸ்’ என்று அழைத்தார்கள். ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள், நடுவே நள்ளிரவு விமானப் பயணங்கள், மறுநாள் பகலில் மீண்டும் ஆட்டம். களைப்பை விரட்ட ஒரு மாத்திரை என்பது பல தலைமுறைகளுக்குச் சாதாரணப் பழக்கம். பாண்ட்ஸுக்கு முன் ஹோம் ரன் சாதனையை வைத்திருந்த ஹேங்க் ஆரோன் போன்ற மாமனிதரே 1968இல் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்ததாகத் தன் வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே ‘தூய்மையான பழைய காலம்’ என்று பேசுபவர்களை நான் சற்றுச் சந்தேகத்துடனே கேட்பேன்.

ஸ்டீராய்டு வேறு வகை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் அதைப் போலச் செயற்கையாக உருவாக்கப்பட்ட ஸ்டனசோலால், நாண்ட்ரோலோன் போன்றவையும் தசையில் புரத உற்பத்தியைக் கூட்டுகின்றன. வெறுமனே ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெரிய பயனில்லை. கடுமையாக எடைப் பயிற்சி செய்பவருக்கு அந்தப் பயிற்சியின் பலன் பெருகுகிறது, உடல் விரைவாகத் தேறி மறுநாளும் அதே அளவு பயிற்சி செய்ய முடிகிறது. பந்தைக் கண்டறிந்து மட்டையைச் சரியான இடத்தில் கொண்டுவரும் திறமையை எந்த ஊசியும் தராது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திறமை ஏற்கெனவே இருப்பவருக்கு மட்டையின் வேகம் சிறிது கூடினாலே போதும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்வதானால், எல்லைக் கோட்டருகே பிடிபட வேண்டிய பந்து சிக்ஸராக மாறுகிற தூரம்தான் இங்கே கணக்கு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராஜர் டோபின் 2008இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: அடிபட்ட பந்தின் வேகம் 4 சதவீதம் கூடினால், நல்ல அடிப்பாளரின் ஹோம் ரன் எண்ணிக்கை 50 முதல் 100 சதவீதம் வரை கூடலாம். எல்லைக்கு அப்பால் போகும் பந்துகள் எப்போதும் விளிம்பில்தான் இருப்பதால் சிறு மாற்றம் பெரிய எண்ணாக விரிகிறது.

சட்டம் இருந்ததா என்றால், இருந்தது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனபாலிக் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்பாட்டுப் பொருளாக்கியது. 1991 ஜூனில் லீகின் தலைமைப் பொறுப்பான ஆணையர் பதவியில் அப்போது இருந்த ஃபே வின்சென்ட், ஸ்டீராய்டு உட்பட மருத்துவர் சீட்டில்லாத போதைப்பொருள் எதுவும் கூடாது என்று எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். அது சுவரில் ஒட்டிய காகிதமாகவே இருந்தது. சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் வீரர்களைச் சோதிக்க ஆணையருக்கு அதிகாரம் கிடையாது. சங்கமோ அதை வீரரின் அந்தரங்கத்தில் கைவைப்பதாகப் பார்த்தது.

சங்கத்தின் பிடிவாதத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதன் பின்னணியையும் பார்க்க வேண்டும். 1980களின் நடுவில் அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் ரகசியமாகக் கூடிப் பேசி, ஒப்பந்தம் முடிந்த வீரர்களை யாரும் கூடுதல் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று முடிவு செய்து நடத்தினார்கள். அது தொழில் தகராறு நடுவர்களிடம் போய் நிரூபணமாகி, 1990இல் 28 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. அப்படிப்பட்டவர்கள் “உங்கள் சிறுநீரைக் கொடுங்கள், நாங்கள் நியாயமாக நடந்துகொள்வோம்” என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1994 பேச்சுவார்த்தையில் உரிமையாளர்கள் சோதனை யோசனையையும் மேசையில் வைத்தார்கள். ஆனால் அவர்கள் உண்மையில் வேண்டியது சம்பள உச்சவரம்பு. அதற்காகவே மோதல் முற்றி, 1994 ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்காத இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் அந்த ஆண்டு ரத்தானது. ரசிகர்கள் கசந்துபோனார்கள். 1995இல் ஆட்டம் திரும்பியபோது அரங்குகளில் கூட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது.

அந்தக் காயத்தை ஆற்றியது 1998ஆம் ஆண்டு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மார்க் மெக்குவயரும் சிகாகோ கப்ஸின் சாமி சோசாவும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஹோம் ரன் அடித்தார்கள். 1961இல் ராஜர் மாரிஸ் அடித்த 61 என்ற சாதனை 37 ஆண்டுகள் நின்றது. மெக்குவயர் 70இல் முடித்தார், சோசா 66இல். அமெரிக்கா முழுவதும் மாலைச் செய்தியில் அதுதான் முதல் செய்தி. அந்த ஆண்டு ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மெக்குவயரின் திறந்த அலமாரியில் ‘ஆண்ட்ரோஸ்டீன்டையோன்’ என்ற புட்டியைப் பார்த்து எழுதினார். உடலுக்குள் போனதும் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் பொருள் அது. ஒலிம்பிக்கிலும் என்.எஃப்.எல்.லிலும் தடை, பேஸ்பாலில் தடையில்லை, சத்துமாவு விற்கும் கடையிலேயே வாங்கலாம். கோபம் யார் மீது பாய்ந்தது தெரியுமா? செய்தியாளர் மீது! அடுத்தவர் அலமாரியை எட்டிப்பார்த்தவர் என்று சக பத்திரிகையாளர்களே அவரை இகழ்ந்தார்கள். அணியின் மேலாளர் டோனி லா ரூசா, அந்தச் செய்தி நிறுவனத்தையே உடைமாற்றும் அறைக்குள் விடக் கூடாது என்றார். ஆட்டத்தால் எல்லோருக்கும் பணம் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் மனமில்லை.

இன்னொரு சிறு செய்தி அப்போது கவனிக்கப்படாமல் போனது. அதே ஆகஸ்டில், வரலாற்றில் 400 ஹோம் ரன்னும் 400 திருட்டு ஓட்டமும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) எட்டிய முதல் வீரரானார் பாரி பாண்ட்ஸ். அதற்குள் மூன்று முறை லீகின் சிறந்த வீரர் விருதும் வாங்கியிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 37 வயதில், வீரர்கள் தேய்ந்துபோகும் பருவத்தில், மலைபோல் தடித்த உடலுடன் அவர் 73 ஹோம் ரன் அடித்தார். 2001 முதல் 2004 வரை நான்கு ஆண்டும் சிறந்த வீரர் விருது அவருக்கே. 2004இல் எதிரணிகள் அவருக்குப் பந்து வீசவே பயந்து, அடிக்க வாய்ப்பே தராமல், வேண்டுமென்றே 120 முறை முதல் தளத்துக்கு நடக்கவிட்டன.

இந்த மௌனம் உடைந்தது இரண்டு பக்கத்திலிருந்து. 2002இல் கென் கமினிட்டி ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழுக்குப் பேட்டி கொடுத்தார்: 1996இல் சான் டியேகோ அணிக்காக 40 ஹோம் ரன் அடித்துச் சிறந்த வீரர் விருது பெற்ற ஆண்டில் ஸ்டீராய்டு எடுத்ததாகவும், தொடக்கத்தில் மெக்சிகோவின் டிஹுவானா போய் வாங்கிவந்ததாகவும் சொன்னார். லீகில் பாதிப்பேர் எடுப்பதாகவும் மதிப்பிட்டார். அந்த மதிப்பீட்டை நான் எடுத்தாள மாட்டேன். அவரே பிறகு அதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பேட்டிக்குப் பிறகு சங்கத்தால் சோதனையை மொத்தமாக மறுக்க முடியவில்லை. 2002 ஆகஸ்ட் ஒப்பந்தப்படி, 2003இல் பெயர் வெளியிடாமல் ஒரு கணக்கெடுப்புச் சோதனை. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் மறு ஆண்டிலிருந்து கட்டாயச் சோதனை. சோதனை வரப்போகிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் 5 முதல் 7 சதவீதம் மாதிரிகளில் மருந்து இருந்தது. இதைவிட அதிர்ச்சியான தகவல் இந்தக் கதையில் எனக்குத் தெரிந்து இல்லை.

மறுபக்கம், 2003 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ அருகே பர்லிங்கேமில் இருந்த ‘பால்கோ’ என்ற சத்துப்பொருள் நிறுவனத்தில் வருமான வரித்துறையினர் சோதனை நடத்தினார்கள். அந்த நிறுவனத்தை நடத்தியவர் விக்டர் கான்டே. அவர் விநியோகித்த ‘தெளிவு’ என்ற திரவம் டி.எச்.ஜி. எனப்படும் ஸ்டீராய்டு. எந்த ஆய்வகமும் தேடத் தெரியாதபடி பேட்ரிக் அர்னால்ட் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. ஒரு தடகளப் பயிற்சியாளர் அந்தத் திரவத்தின் மிச்சம் ஒட்டியிருந்த ஊசியை அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்ததால்தான், லாஸ் ஏஞ்சலஸில் டான் கேட்லினின் ஆய்வகம் அதைக் கண்டறிந்தது. போட்டியாளரின் பொறாமை இல்லாவிட்டால் அது இன்னும் எத்தனை ஆண்டு ஓடியிருக்குமோ! பால்கோவின் வாடிக்கையாளர்களில் ஓட்டப்பந்தய வீராங்கனை மேரியன் ஜோன்ஸும் இருந்தார், பாண்ட்ஸின் பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சனும் இருந்தார். கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் மக்கள் குழு) முன் பாண்ட்ஸ் சொன்னது: ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டுவலிக் களிம்பு என்றும் நினைத்தே பயன்படுத்தினேன். பொய்ச்சாட்சி வழக்கு 2007இல் வந்தது. ஆண்டர்சன் சாட்சி சொல்ல மறுத்துச் சிறைக்கே போனார். 2011இல் நீதிக்கு இடையூறு செய்ததாக ஒரே ஒரு குற்றச்சாட்டில் பாண்ட்ஸுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2015இல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது. சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி அல்லர்.

2005 மார்ச் 17 அன்று நாடாளுமன்றக் குழு வீரர்களை அழைத்து விசாரித்தது தொலைக்காட்சியில் நேரடியாக ஓடியது. “கடந்த காலத்தைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை” என்று மெக்குவயர் திரும்பத் திரும்பச் சொன்னார். (2010இல் எடுத்ததை ஒப்புக்கொண்டார்.) ரஃபேல் பல்மேரோ விரலை நீட்டி, “நான் ஒருபோதும் ஸ்டீராய்டு எடுத்ததில்லை” என்றார், அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டனசோலாலுடன் பிடிபட்டுத் தடை பெற்றார். நாடாளுமன்றத்தின் மிரட்டலுக்குப் பிறகே அந்த ஆண்டு நவம்பரில் உண்மையான தண்டனை வந்தது: முதல் முறை 50 ஆட்டம், இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை வாழ்நாள் தடை. 2014இல் அது 80, 162, வாழ்நாள் என்று கடுமையானது. 2006 முதல் ஆம்ஃபெட்டமினும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. உடனே ஒரு வேடிக்கை நடந்தது: கவனக்குறைவு நோய்க்காக ஊக்கி மாத்திரை எடுக்க மருத்துவ விலக்கு பெற்ற வீரர்கள் 2006இல் 28 பேர், 2007இல் 103 பேர். ஒரே ஆண்டில் அத்தனை பேருக்கு எப்படித் திடீரென்று கவனம் சிதறியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் எடுத்தார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். 2007 டிசம்பரில் வந்த மிட்செல் அறிக்கை 89 வீரர்களைப் பெயர் குறிப்பிட்டது. முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலுக்கு யாரையும் கட்டாயமாக அழைக்கும் அதிகாரம் இல்லை. வீரர்கள் பெரும்பாலும் பேச மறுத்தார்கள். நியூயார்க் மெட்ஸ் அணியின் உடைமாற்றும் அறையில் வேலை பார்த்த கிர்க் ராடோம்ஸ்கி, பயிற்சியாளர் பிரையன் மெக்நேமி ஆகிய இருவர் அரசு வழக்கறிஞர்களிடம் மாட்டிக்கொண்டு சொன்னவையே அதன் முதுகெலும்பு. அதனால் அந்த இருவரிடம் வாங்கியவர்கள் சிக்கினார்கள், வேறு ஊரில் வேறு ஆளிடம் வாங்கியவர்கள் தப்பித்தார்கள். போதாக்குறைக்கு மிட்செல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் இயக்குநர்களில் ஒருவர். அறிக்கையில் வந்த பெரிய பெயர் பிட்சர் ராஜர் கிளெமென்ஸ். அவர் மறுத்தார், பொய்ச்சாட்சி வழக்கில் 2012இல் விடுதலையானார்.

ஆனால் அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். பெரும்பாலோர் நட்சத்திரங்கள் அல்லர். காயத்திலிருந்து மீள முடியாமல் தவித்தவர்கள், கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகுக்கும் மேஜர் லீகுக்கும் நடுவே ஊசலாடியவர்கள், முப்பதைத் தாண்டிய பிட்சர்கள். 2005இல் முதன்முதலில் தடை பெற்றவரே வேகமாக ஓடுவதற்குப் பெயர்போன அலெக்ஸ் சான்செஸ். ஹோம் ரன்னுக்கும் அவருக்கும் வெகுதூரம். 2003இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளமே ஆண்டுக்கு 3 லட்சம் டாலர். ஒரு படி கீழே மைனர் லீகில், வருடம் முழுவதும் உழைத்தாலும் வாடகைக்கே திணற வேண்டியிருந்தது. விளிம்பில் நிற்பவனுக்கு ஒரு ஊசியின் மதிப்பு, ஏற்கெனவே கோடிகள் வாங்குபவனுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ரசிகர்கள் பாண்ட்ஸையே பேசுகிறார்கள். ஊசி போடாமல் நேர்மையாக ஆடி, அந்தக் கடைசி இடத்தை இழந்து ஊருக்குத் திரும்பிய வீரர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. உண்மையான பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான் என்பது என் கருத்து.

சாதனை எண்களை வைத்து மருந்தை அளக்க முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1998 முதல் 2001 வரை 60க்கு மேல் ஹோம் ரன் ஆறு முறை அடிக்கப்பட்டது உண்மை. அதற்கு முந்தைய நூறாண்டில் 60ஐத் தொட்டது இரண்டே முறை. ஆனால் 1990களில் புதிய அணிகள் நான்கு சேர்ந்து பிட்சர்களின் தரம் நீர்த்தது, சிறிய மைதானங்கள் வந்தன. தீவிரச் சோதனை நடக்கும் 2019இல் லீக் முழுவதும் 6,776 ஹோம் ரன் விழுந்து, ஸ்டீராய்டு காலத்தின் உச்சமான 2000ஆம் ஆண்டின் 5,693ஐத் தூக்கி எறிந்தது. அதற்குக் காரணம், பந்தின் காற்றெதிர்ப்பு குறைந்ததும் அடிக்கும் பாணி மாறியதும்.

ஹால் ஆஃப் ஃபேம் விஷயம் எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது. பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். பத்தாவது, கடைசி வாய்ப்பான 2022இல் பாண்ட்ஸுக்கு 66, கிளெமென்ஸுக்கு 65.2. அதே ஆண்டு டேவிட் ஓர்டீஸ் 77.9 சதவீதத்துடன் முதல் முயற்சியிலேயே நுழைந்தார். 2003 கணக்கெடுப்புச் சோதனையில் சிக்கியவர்களின் ரகசியப் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாக 2009இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியிருந்தது. அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு: அந்தப் பட்டியலில் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அறிவியல்ரீதியாகச் சந்தேகத்துக்குரியவை என்று ஆணையர் ராப் மான்ஃப்ரெட் பிறகு விளக்கினார். சரி, இருக்கட்டும். ஆனால் இந்த முழுக் காலத்திலும் ஆணையர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பட் சீலிக் 2017இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 2007இல் பாண்ட்ஸ் 755ஆவது ஹோம் ரன் அடித்து ஆரோனைச் சமன்செய்தபோது, கைகளைப் பைக்குள் விட்டபடி நின்ற அதே சீலிக். கடையை நடத்தியவருக்கு மாலை, சரக்கு வாங்கியவருக்குத் தடை என்பதில் என்ன நியாயம் என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை.

இப்போது ஒழிந்துவிட்டதா? குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் விகிதம், அது உடலே சுரந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று பிரித்தறியும் கார்பன் ஐசோடோப்புச் சோதனை, வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தச் சோதனை எல்லாம் நடக்கின்றன. அப்படியும் 2013இல் வெடித்த ‘பயோஜெனிசிஸ்’ விவகாரத்தில் சிக்கியவர்களில் பலர் எந்தச் சோதனையிலும் மாட்டாதவர்கள். மயாமி அருகே உரிமமில்லாத ஆண்டனி பாஷ் நடத்திய மருத்துவமனையின் குறிப்பேடுகள் ஒரு செய்தித்தாளுக்குப் போனதால் சிக்கினார்கள். ஆட்டத்துக்குச் சற்று முன் வாயில் கரைத்து, சோதனைக்குள் உடலைவிட்டு நீங்கிவிடும் டெஸ்டோஸ்டிரோன் மிட்டாய்களை அவர் கொடுத்தார். அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு 211 ஆட்டத் தடை விதிக்கப்பட்டு, தொழில் தகராறு நடுவரால் 162ஆகக் குறைந்தது. 2014 பருவம் முழுவதும் போயிற்று.

பணக் கணக்கும் இன்னும் நேராகவில்லை. அதே விவகாரத்தில் 50 ஆட்டத் தடை பெற்ற ஜானி பெரால்ட்டா, சில மாதங்களில் செயின்ட் லூயிஸுடன் நான்கு ஆண்டுக்கு 5.3 கோடி டாலருக்கு ஒப்பந்தமானார். இரண்டாம் முறை சிக்கிய ராபின்சன் கனோ 2021 பருவம் முழுவதையும், அதற்கான சுமார் 2.4 கோடி டாலரையும் இழந்தார். ஆனால் அவருடைய மொத்த ஒப்பந்தம் 24 கோடி. 2022இல் குளோஸ்டிபால் என்ற ஸ்டீராய்டுடன் சிக்கிய ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் படர்தாமரைக்குப் போட்ட மருந்தில் அது இருந்தது என்றார். 80 ஆட்டங்களை இழந்தார், 14 ஆண்டு, 34 கோடி டாலர் ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது. ஒப்பந்தத்தையே ரத்துசெய்யும் உரிமை அணிகளுக்கு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். சங்கம் ஒத்துக்கொள்ளாது, விலையுயர்ந்த ஒப்பந்தத்தைக் கைகழுவ உரிமையாளர்கள் அதைச் சாக்காக்குவார்கள் என்ற அச்சம் பழைய அனுபவத்திலிருந்து வருவது.

இவர்களைவிட எனக்குக் கவலை தருவது டொமினிக்கன் குடியரசு. அங்கே 16 வயதுப் பையன்களை மேஜர் லீக் அணிகள் ஒப்பந்தம் செய்கின்றன. 12, 13 வயதிலேயே அவர்களைத் தங்கவைத்து உணவும் பயிற்சியும் கொடுக்கும் ‘புஸ்கோன்’ என்ற தரகர்களுக்கு, கையெழுத்துத் தொகையில் பங்கு உண்டு. தேர்வாளர் வரும் நாளில் பையன் சற்றுத் தடிமனாகவும் வேகமாகவும் தெரிந்தால் தொகை பல மடங்கு ஏறும். மைனர் லீக் தடைப் பட்டியல்களில் அந்த நாட்டுப் பதின்ம வயதினரின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. தடை பையனுக்கு விழுகிறது. ஊசியை வாங்கிக் கொடுத்தவர் லீகின் ஊழியரும் இல்லை, சங்கத்தின் உறுப்பினரும் இல்லை என்பதால் அவரை எந்த ஒப்பந்த விதியும் தொடுவதில்லை.